சேசிஸ் மாதிரி ஒரு ரோபோ: மனித-ரோபோ ஆய்வில் ‘பிளாட்ஃபார்ம்’ என்றால் என்ன?

கிருஷ்ணகிரியைச் சுற்றி நெடுஞ்சாலையில் போய்வருபவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். ஓசூர்ப் பக்கமிருந்து வெறும் சேசிஸ் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எஞ்சின் இருக்கும், நீளமான இரும்புச் சட்டம் இருக்கும், சக்கரமும் ஸ்டீயரிங்கும் இருக்கும். கூரை, கதவு எதுவும் இருக்காது. டிரைவர் தலையையும் காதையும் சேர்த்துத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு எதிர்காற்றில் ஓட்டிப் போவார். அந்த வண்டி கரூருக்குப் போனால் பஸ் ஆகும். நாமக்கல்லுக்குப் போனால் லாரி ஆகும். திருச்செங்கோட்டுக்குப் போனால் அதன் மேல் போர்வெல் ரிக் ஏறி உட்காரும்.

பாடி கட்டும் பட்டறைக்காரர் எஞ்சின் செய்வதில்லை. கியர் பாக்ஸ் எப்படி ஓடுகிறது என்று அவர் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. ஓடுகிற ஒன்று கையில் கிடைக்கிறது, அதன் மேல் தன் வேலையைத் தொடங்குகிறார். ரோபோ ஆய்வில் ‘பிளாட்ஃபார்ம்’ அல்லது ‘ரோபோ தளம்’ என்று சொல்வது கிட்டத்தட்ட இந்த சேசிஸைத்தான். மோட்டார், கேமரா, மைக், பேட்டரி, அதை இயக்கும் மென்பொருள் எல்லாம் சேர்ந்து தயாராக வரும். ஆய்வாளர் அதன் மேல் தன் கேள்வியைக் கட்டுவார்.

என்ன கேள்வி? இங்கேதான் புதிதாக வருபவர்கள் தடுமாறுவார்கள். மனித-ரோபோ ஊடாட்டம் என்ற துறையில் ரோபோ எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது என்பதைச் சோதிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வோம். ஆனால் பெரும்பாலும் சோதிக்கப்படுபவர்கள் மனிதர்கள். ரோபோ நம்மைப் பார்த்தால் நாம் எப்படி நடந்துகொள்கிறோம், எதை நம்புகிறோம், எதற்குப் பயப்படுகிறோம், எப்போது சலித்துப்போகிறோம் என்பதுதான் ஆய்வு. ரோபோ அங்கே ஒரு கருவி.

ஒரு சம்பவம் சொன்னால் புரியும். போன வருடம் அம்மாவைப் பெங்களூரில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தேன். அம்மாவுக்குச் சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். வரவேற்பறையில் நாலடி உயரத்தில் வெள்ளையாக ஒரு ரோபோ நகர்ந்து வந்து, ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது. அம்மா கொஞ்சமும் யோசிக்காமல், “சாப்டியா கண்ணு?” என்று கேட்டார். அது அதே ஆங்கில வாக்கியத்தைத் திரும்பச் சொன்னது. அம்மா இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகக் கேட்டார். மறுபடியும் அதே வாக்கியம். “பாவம், காது கேக்கல போல” என்று என்னிடம் சொல்லிவிட்டு, அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

எனக்கு அந்த ‘கண்ணு’ மனதைவிட்டுப் போகவே இல்லை. ஏன் ‘கண்ணு’? ஏன் ‘ஏங்க’ இல்லை? அம்மாவைவிட உயரம் குறைவாக இருந்ததாலா? பெரிய கண்களாலா? குரல் மெல்லியதாக இருந்ததாலா? அதே ரோபோ ஆறடி உயரத்தில் கனத்த குரலில் பேசியிருந்தால் அம்மா மரியாதையாகப் பேசியிருப்பாரா, இல்லை என் பின்னால் வந்து நின்றிருப்பாரா? இந்தத் துறை கேட்கும் கேள்விகள் எல்லாம் இந்த மாதிரிதான்.

சேசிஸ் உவமை உடைகிற இடமும் இதுதான். பஸ்ஸில் ஏறும் பயணி அடியில் என்ன சேசிஸ் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. ரோபோ விஷயத்தில் தளத்தின் உயரம், முகம், கண், குரல் எல்லாம் எதிரே நிற்பவருக்கு நேராகத் தெரிகின்றன, அவர் நடந்துகொள்ளும் விதத்தை மாற்றவும் செய்கின்றன. எந்த ரோபோவைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ, அதிலேயே உங்கள் கேள்வியில் பாதி முடிவாகிவிடுகிறது.

இந்தத் துறையில் அதிகம் பயன்பட்ட தளங்களில் ஒன்று நாவோ. பாரிஸில் 2005இல் தொடங்கிய அல்டெபரான் என்ற நிறுவனம் உருவாக்கியது. உயரம் 58 செ.மீ., எடை ஐந்தரை கிலோவை ஒட்டி. இரண்டு கால்களில் நடக்கும், பேசும், விழுந்தால் எழுந்து நிற்கும். உடம்பில் தனித்தனியாக அசையக்கூடிய மூட்டசைவுகள் 25. ரோபோக்காரர்கள் இந்த எண்ணை அடிக்கடி சொல்வார்கள். கதவின் கீலுக்கு ஒரே அசைவுதான், திறக்கும், மூடும். நம் தோளிலிருந்து மணிக்கட்டு வரை எண்ணினால் ஏழு வரும். எண்ணிக்கை கூடக் கூட அசைவு இயல்பாகும், விலையும் பழுதும் சேர்ந்தே கூடும். ரோபோகப் கால்பந்துப் போட்டியில் எல்லா அணிகளும் ஒரே வகை ரோபோவை வைத்து ஆடும் ஒரு பிரிவு உண்டு. அதில் முன்பு சோனியின் ஐபோ நாய் ஆடியது, 2008 முதல் அந்த இடத்துக்கு நாவோ வந்தது. எல்லோர் கையிலும் ஒரே உடம்பு இருந்தால், ஜெயிப்பது யாருடைய மென்பொருள் என்று தெளிவாகத் தெரியுமல்லவா? ஆய்விலும் அப்படித்தான். ஜெர்மனியில் நாவோவை வைத்துச் செய்த சோதனையை ஜப்பானில் இன்னொருவர் அதே நாவோவை வைத்துத் திரும்பச் செய்து பார்க்கலாம்.

நாவோவின் சின்ன உருவம் எப்படி ஆய்வையே வடிவமைக்கிறது என்பதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு, சுவிட்சர்லாந்தின் லோசானில் உள்ள ஈ.பி.எஃப்.எல். பல்கலைக்கழகத்தின் கோரைட்டர் திட்டம். அங்கே நாவோ ஆசிரியர் இல்லை, கையெழுத்து சரியில்லாத மாணவன். கோணல்மாணலாக எழுதும். எழுதத் தடுமாறும் குழந்தை அதற்குத் திருத்திக் காட்டும். வகுப்பில் எப்போதும் திட்டு வாங்கும் பிள்ளை அங்கே வாத்தியார் ஆகிவிடுகிறது. சொல்லிக்கொடுக்கிற ஆர்வத்தில் தானும் எழுதிப் பழகுகிறது. ஆறடி ரோபோவை வைத்து இதைச் செய்ய முடியாது. தன்னைவிடச் சின்னதாக இருப்பதால்தான் குழந்தை அதற்குச் சொல்லிக்கொடுக்க உட்காருகிறது.

நாவோவைச் செய்த அல்டெபரான் நிறுவனம் ஜப்பானின் சாஃப்ட்பேங்கோடு சேர்ந்து 2014இல் கொண்டுவந்தது பெப்பர். சுமார் 120 செ.மீ. உயரம், காலுக்குப் பதில் சக்கரம், நெஞ்சில் ஒரு டேப்லெட். கடை, வங்கி, விமான நிலையம் போன்ற இடங்களில் ஆட்களோடு பேசுவதற்கென்று செய்தது. ஆய்வகங்களிலும் நிறைய உண்டு. ஜெனோவாவில் இத்தாலியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐகப் என்ற ரோபோ இருக்கிறது. 104 செ.மீ. உயரக் குழந்தை உருவம், 53 மூட்டசைவுகள். குழந்தை பொருளைத் தொட்டு, பிடித்து, உருட்டி எப்படிக் கற்கிறதோ அப்படி ஒரு ரோபோ கற்குமா என்பது அதன் கேள்வி. அதன் வரைபடமும் மென்பொருளும் எல்லோருக்கும் திறந்தவை.

மனித உருவம் இருந்தால்தான் மனிதரோடு பழக முடியும் என்று நினைத்துவிட வேண்டாம். கீப்பான் என்று ஒன்று இருக்கிறது. ஜப்பானில் ஹிதேகி கோஜிமா உருவாக்கியது. இரண்டு மஞ்சள் உருண்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்த மாதிரி, 12 செ.மீ. உயரம். கண்களில் கேமரா, மூக்கில் மைக். கை இல்லை, கால் இல்லை, நான்கே அசைவுகள். திரும்பும், குனியும், பக்கவாட்டில் ஆடும், துள்ளும். திரும்பினால் ‘உன்னைக் கவனிக்கிறேன்’ என்று பொருள், துள்ளினால் ‘எனக்குச் சந்தோஷம்’ என்று பொருள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு இதைப் பயன்படுத்தினார்கள். மனித முகத்தில் ஒரே நேரத்தில் ஆயிரம் சமிக்ஞைகள் ஓடும், சில குழந்தைகளுக்கு அது தாங்காது. அதனால்தான் இங்கே குறைவாக இருப்பதே பலம். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தில் உருவான காஸ்பர் என்ற குழந்தை பொம்மை ரோபோவும் இதே எண்ணத்தில் முகபாவங்களை வேண்டுமென்றே எளிமையாக வைத்துக்கொண்டது.

பாரோ என்ற ரோபோவை உருவாக்கியவர் ஜப்பானின் தகனோரி ஷிபாதா. வெள்ளை ரோமம் போர்த்திய சீல் குட்டி. தடவினால் கண் சிமிட்டும், முனகும், தலையைத் தூக்கும். முதியோர் இல்லங்களில், முக்கியமாக மறதிநோய் உள்ளவர்களிடம் கொடுத்தார்கள். 2009இல் அமெரிக்காவில் மருத்துவக் கருவியாகவே அனுமதி வாங்கியது. ஏன் நாயோ பூனையோ இல்லாமல் சீல்? நாய் எப்படி வாலாட்டும், பூனை எப்படி உரசும் என்று எல்லோருக்கும் தெரியும். ரோபோ நாய் கொஞ்சம் பிசகினாலும் ‘இது நாய் மாதிரி இல்லையே’ என்று தோன்றிவிடும். சீல் குட்டியை மடியில் வைத்துப் பழகியவர் யார் இருக்கிறார்கள்? ஒப்பிட ஒன்றும் இல்லாததால், அது செய்வதை அப்படியே ஏற்றுக்கொள்கிறோம். எவ்வளவு யோசித்துச் செய்த தேர்வு!

எதிர்த்திசையில் போனவர் ஒசாகாவின் ஹிரோஷி இஷிகுரோ. 2006இல் தன்னைப் போலவே தோல், முடி, முகத்தோடு ஜெமினாய்டு என்ற ரோபோவைச் செய்தார். பார்த்தால் ஆள் மாதிரியே இருக்கும், ஆனால் ஏதோ ஒன்று உறுத்தும். இந்த உறுத்தலை 1970லேயே மசாஹிரோ மோரி என்ற ஜப்பானியப் பேராசிரியர் எழுதிவிட்டார். மனிதச் சாயல் கூடக் கூட நமக்குப் பிடிப்பும் கூடும், ஆனால் ‘கிட்டத்தட்ட மனிதர்’ என்ற இடத்துக்கு வந்ததும் அது சட்டென்று பள்ளத்தில் விழும் என்றார். சோளக்கொல்லைப் பொம்மைக்குச் சட்டியே தலை, சுண்ணாம்புப் பொட்டே கண். அதைப் பார்த்து நாம் பயப்படுவதில்லை. துணிக்கடை வாசலில் சேலை கட்டி நிற்கும் பொம்மை, கடை சாத்திய பிறகு இருட்டில் திடீரென்று கண் சிமிட்டினால்? அதுதான் மோரி சொன்ன பள்ளம்.

தொழிற்சாலை ரோபோ கைகளை வைத்தும் ஆராய்கிறார்கள். ஓசூர் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு வேலிக்குள் சுழலும் ரோபோ கைகள் பழக்கம். ரோபோ ஆய்வாளர் ராட்னி புரூக்ஸின் ரீதிங்க் நிறுவனம் 2012இல் கொண்டுவந்த பாக்ஸ்டர், வேலி இல்லாமல் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டிய ரோபோ. இரண்டு கை, தலையில் ஒரு திரை, திரையில் இரண்டு கண்கள். கை எந்தப் பக்கம் போகப் போகிறதோ, கண் முதலில் அந்தப் பக்கம் திரும்பும். அந்தக் கண்களால் அது எதையும் பார்ப்பதில்லை. பக்கத்தில் நிற்பவருக்கு ‘கை இந்தப் பக்கம் வருது’ என்று முன்கூட்டிச் சொல்வதற்காக மட்டுமே அவை இருந்தன. நாம் ஒருவர் பார்வையை வைத்தே அவர் அடுத்து என்ன செய்வார் என்று ஊகிக்கிறோமே, அந்தப் பழக்கத்தை அப்படியே பயன்படுத்திக்கொண்டார்கள்.

பார்வையைப் பற்றி இன்னொன்று. 2006இல் ஹோண்டாவின் அசிமோ ரோபோவை இரண்டு பேருக்குக் கதை சொல்ல வைத்தார்கள். ஒருவரை அதிகமாகவும் மற்றவரைக் குறைவாகவும் பார்க்கும்படி அமைத்தார்கள். அதிகம் பார்க்கப்பட்டவர்களுக்குக் கதை நன்றாக நினைவில் நின்றது. முதல் பெஞ்சை மட்டுமே பார்த்துப் பாடம் நடத்தும் வாத்தியார் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. வாத்தியார் ரோபோவாக இருந்தாலும் அப்படித்தான் என்பதுதான் புதிது.

இப்போது புதிதாக வருபவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம். இந்த ஆய்வுகள் பலவற்றில் ரோபோ தானாகப் பேசுவதில்லை. பக்கத்து அறையில் உட்கார்ந்த ஒருவர் கேமராவில் பார்த்தபடி, அது என்ன சொல்ல வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பார். திரைக்குப் பின்னால் இருந்து ஏமாற்றும் கதை மந்திரவாதியின் பெயரால் இதை ‘விசார்ட் ஆஃப் ஓஸ்’ முறை என்பார்கள். நமக்குப் பொம்மலாட்டம் என்றாலே புரிந்துவிடும். கயிறு தெரியாது, ஆட்டுபவர் தெரியமாட்டார், பொம்மை அழுதால் கூட்டமும் அழும்.

இது பித்தலாட்டமா என்று கேட்கலாம். இல்லை. ‘ரோபோ இப்படிப் பதில் சொன்னால் மனிதர் என்ன செய்வார்’ என்பதுதான் கேள்வி என்றால், அந்தப் பதிலைத் தானாகச் சொல்லும் மென்பொருளை ஐந்து வருடம் உட்கார்ந்து எழுதிவிட்டுச் சோதிப்பதைவிட, முதலில் ஆள் வைத்துச் சோதித்துப் பார்ப்பது நல்லது. ஆனால் சோதனை முடிந்ததும் கலந்துகொண்டவர்களிடம் ‘பின்னால் ஒருவர் இருந்தார்’ என்று சொல்லிவிட வேண்டும். நான் இதை ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன், குழந்தைகள் என்றால் இன்னும் முக்கியமாக.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. கேரளாவின் வயநாட்டில் ஓர் அரசு தொடக்கப் பள்ளியில், கிளாஸ்கோ பல்கலைக்கழகமும் அமிர்தா பல்கலைக்கழகமும் சேர்ந்து பெப்பே என்ற ரோபோவைக் கை கழுவும் குழாய்க்கு மேலே சுவரில் மாட்டினார்கள். பச்சை நிறத்தில் ஒரு கை வடிவம், அசையும் கண்கள், வாய்க்குப் பதில் சின்னத் திரை. நடக்காது, எதையும் பிடிக்காது. தூரத்திலிருந்து ஆய்வாளர்கள் இயக்கினார்கள். சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லிப் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்தது. கை கழுவும் பழக்கம் 40 சதவீதம் கூடியதாக 2019இல் அறிவித்தார்கள். பல லட்சம் ரூபாய் நாவோவோடு ஒப்பிட்டால் பெப்பே ஒன்றுமே இல்லை. கேள்வி சரியாக இருந்தது, தளம் கேள்விக்குப் பொருந்தியது, அவ்வளவுதான்.

அமிர்தாவின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் அய்யம்பதி என்ற சிற்றூரிலும் ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். ஹஸ்கி என்ற நான்கு சக்கர ரோபோ வண்டி, வீட்டுக்குத் தண்ணீர் சுமந்துவர உதவியது. ரோபோவையே பார்த்திராத மக்கள் அதை எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள் என்று பார்த்தார்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கலந்து பற்களும் எலும்பும் கெட்ட தருமபுரிப் பக்கத்துக்காரர்களுக்கு, நல்ல தண்ணீருக்காகக் குடத்தோடு நடந்த தூரம் மறந்திருக்காது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முந்தைய நாட்களை நினைத்துக்கொண்டு அந்த ஆய்வைப் படித்தால் அதன் அருமை புரியும்.

நம்பிக்கையைப் பற்றி இரண்டு ஆய்வுகளைச் சொல்லியே ஆக வேண்டும். 2016இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில், வழிகாட்டும் சக்கர ரோபோ ஒன்றின் பின்னால் ஆட்களைப் போகச் செய்தார்கள். சிலருக்கு அது முதலிலேயே தப்பான அறைக்கு வழிகாட்டியது. பிறகு புகையைக் கிளப்பி, தீ எச்சரிக்கை மணியையும் அடிக்கவிட்டார்கள். தாங்கள் வந்த வழி நன்றாகத் தெரிந்திருந்தும், அதில் வெளியேறும் பலகை இருந்தும், பலரும் அந்த ரோபோவின் பின்னாலேயே போனார்கள். 2018இல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க்-எஸ்ஸன் பல்கலைக்கழகத்தில் வேறு மாதிரி. நாவோவின் சுவிட்சை அணைக்கும் நேரத்தில் அது ‘வேண்டாம், என்னை அணைக்காதீர்கள்’ என்று கெஞ்சியது. அதைக் கேட்ட 43 பேரில் 13 பேர் அணைக்காமலே விட்டுவிட்டார்கள். ஜெர்மானிய மாணவர்களே இப்படி என்றால், என் அம்மா ‘பாவம்’ என்றதில் என்ன ஆச்சரியம்?

தளத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் பார்க்க வேண்டிய இன்னொன்று, அதன் ஆயுள். வில்லோ கரேஜ் நிறுவனம் 2010இல் பி.ஆர்.2 என்ற இரண்டு கை ரோபோவை 11 ஆய்வு நிலையங்களுக்குக் கொடுத்தது. விற்பனை விலை 4 லட்சம் டாலர். பிறகு அந்த நிறுவனமே இல்லாமல் போனது. பாக்ஸ்டர் செய்த நிறுவனம் 2018இல் மூடியது. பெப்பர் உற்பத்தி 2020இல் நின்றது. பழைய மொபெட்டை வைத்திருப்பவர் ஸ்பேர் தேடி அலைவது மாதிரி ஆய்வகங்கள் அலைய வேண்டியிருக்கும். ஒரு நல்ல விஷயம், வில்லோ கரேஜ் வளர்த்தெடுத்த, ரோபோக்களை இயக்க உதவும் ராஸ் என்ற திறந்த மென்பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. அது தெரிந்தால் டர்டில்பாட் போன்ற சின்ன சக்கர ரோபோவிலும் வேலை செய்யலாம், பெரியதிலும் செய்யலாம். ரோபோவைக் கையில் வாங்காமல் கணினிக்குள்ளேயே ஓட்டியும் பழகலாம்.

‘ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள்’ என்பது இங்கேயும் பொருந்தும். ஜப்பானில் ஒரு தொடக்கப் பள்ளியில் ரோபோவி என்ற ரோபோவை விட்டபோது முதலில் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள், நாள் போகப் போகக் கூட்டம் குறைந்தது. ஒரே நாள் சோதனையில் ‘எல்லோருக்கும் பிடித்திருந்தது’ என்று வந்தால் அதை நம்பிவிடக் கூடாது.

நம் ஊரில் இந்த ஆய்வைச் செய்ய வேண்டும் என்று நான் ஆசைப்படுவதற்குக் காரணம் மொழி. ஓசூர், கிருஷ்ணகிரிச் சந்தையில் ஒரே பேரத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் வந்துபோகும். விலை கேட்பது தமிழில், குறைக்கச் சொல்வது தெலுங்கில், கணக்குப் போடுவது கன்னடத்தில் என்று இருக்கும். எந்த மொழி என்று முன்பே சொல்லிவைத்தால்தான் கேட்கும் ரோபோ அங்கே திணறும். சாட்ஜிபிடி போன்ற பெரிய மொழி மாதிரிகளை ரோபோவோடு இணைப்பது இப்போது பரவலாகிவிட்டதால் நிலைமை மாறிவருகிறது. ஆனாலும் வேகம் ஒரு தடை. மனிதர்கள் பேசும்போது ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தொடங்க ஆகும் இடைவெளி, பல மொழிகளில் அளந்து பார்த்ததில், சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ரோபோ மூன்று நொடி யோசித்தால், அம்மா மாதிரி ஆட்கள் ‘காது கேக்கல’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். அப்புறம் மரியாதை. எதிரே நிற்பவரை அது ‘வா’ என்பதா, ‘வாங்க’ என்பதா? பெரியவரை ‘ஐயா’ என்பதா, ‘தாத்தா’ என்பதா? கை நீட்டுவதா, கும்பிடுவதா? ஆங்கிலத்தில் செய்த ஆய்வுகள் எதிலும் இதற்கு விடை கிடைக்காது.

தொடங்க விரும்பும் மாணவர்களுக்கு லட்சங்கள் வேண்டாம். ஓர் அட்டைப் பெட்டி, முகமாகப் பழைய ஸ்மார்ட்போன், தலை திரும்ப ஒன்றும் குனிய ஒன்றுமாக இரண்டு சின்ன சர்வோ மோட்டார், அவற்றை இயக்க ஆர்டுயினோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று, திரைக்குப் பின்னால் உட்கார ஒரு நண்பர். பெப்பேவைப் போல ஊர்ப் பள்ளிக் குழாயடியில் வைத்துப் பார்க்கலாம். தலைமை ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் என்ன செய்யப்போகிறோம் என்று தமிழில் விளக்கிச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் ரோபோவை எடுத்துப் போகவே வேண்டாம். ஒரு நோட்டோடு ஓரமாக உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகு எத்தனை பிள்ளைகள் சோப்பைத் தொடுகிறார்கள் என்று தினமும் எண்ணி எழுதிக்கொள்ளுங்கள்.